எங்களுக்கும்

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டர் பழுதாம். ரூபன் கீழ் வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தூக்கி வந்தார். குசினியில் சமைக்க ஒரு வாளி, குளிக்க ஒரு வாளி. ஆரணி தலை முழுக வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தாள். நாளைக்கு முழுகலாம் என்றேன்.

நேற்றிலிருந்து தமிழ்ச் செய்தியை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். ஜனாதிபதித் தேர்தல் முடியும்வரைக்குமாம். வேட்பாளர்களின் விளம்பரங்களுக்கு நேரம் வேண்டும். நான் இந்தத் தொலைக்காட்சியில் சேர்ந்தபோது அது அரை மணித்தியாலம்.

செய்திப் பணிப்பாளர் தம்மிக்க என்னை அறைக்குள் கூப்பிட்டார். வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம் ஊர்கள் என்று எங்கிருந்து தமிழில் பேசும் வீடியோ வந்தாலும் நான் அதைக் கேட்டுச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைப் பிரதான செய்தியில் திரைக்குக் கீழே போடுவார்கள். "நிரஞ்சலாவின் சிங்களம் எங்கள் பையன்களின் சிங்களத்தைவிடச் சுத்தம்" என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜனவரி 7, புதன்

புது மேசை நல்ல மேசை. ஏசி நேரே தலையில் அடிக்கிறது. சால்வை கொண்டு போக வேண்டும்.

எங்கள் முதலாளி ஆதரிக்கும் வேட்பாளரை இங்கே எல்லோரும் 'லொக்கு மஹத்தயா' என்கிறார்கள். பெரிய ஐயா. எதிர்த்து நிற்பவருக்குப் பெயர் கிடையாது, 'மற்றவர்'. செய்தியில் பெயர் சொல்கிறார்கள்தான். ஆனால் எப்போது பார்த்தாலும் அவர் தும்முகிற படம், அல்லது வியர்வை துடைக்கிற படம்.

அநுராதபுரத்தில் உரம் இல்லை என்று ஒருவர் சொன்னால் கீழே 'விவசாயி' என்று போடுகிறார்கள். கிளிநொச்சியில் ஒருவர் அதையே சொன்னார். அவருக்கு 'வடக்கு வாக்காளர்' என்று போட்டார்கள். நான் எழுதிக் கொடுத்ததில் விவசாயி என்றுதான் இருந்தது.

முஸ்லிம்களின் வாக்கு யாருக்கு என்று ஒரு தொகுப்பு செய்தார்கள். கமராப் பையன் கடைக்காரர்கள், ஒரு தாதி, பாடசாலைப் பிள்ளைகள் என்று நிறைய எடுத்து வந்திருந்தான். கறுப்பு அபாயா போட்டவர்கள் பின்பக்கம் காட்டி நடந்து போகிற வீடியோத் துண்டை மட்டும் மூன்று தரம் போட்டார்கள்.

வரும்போது வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி பூச்சி.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் எழுத வேண்டும்.

கண்டிக்கு அப்பால் கொஸ்மடுவ என்று ஒரு சின்னப் பட்டணம். நேற்று அங்கே 'மற்றவரின்' கூட்டம். பெரிய பேச்சாளர்கள் வர முன்னம் உள்ளூர்க்காரர் ஒருவர் மேடை ஏறித் தமிழில் பேசியிருக்கிறார். பெயர் நிஸ்தார். கார் ஓட்டப் பழக்கும் 'லேர்னர்ஸ்' வைத்திருக்கிறாராம். ஐம்பது வயதிருக்கும். கோடு போட்ட சேர்ட். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, அது கூவுகிறது. அவர் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"பயப்படாதீங்க. காலைலயே போய் வோட்டப் போடுங்க. இந்த நாடு எங்களுக்கும் சொந்தம். பக்கத்து வீட்டு பண்டா மாத்தயாவுக்கு எப்பிடியோ, அப்பிடித்தான் எங்களுக்கும்."

அவ்வளவுதான். கூட்டம் கை தட்டுகிறது. அவர் வெட்கப்பட்டு இறங்குகிறார்.

சிங்களத்தில் 'மே ரட்ட அபட்டத் அயிதி' என்று எழுதிக் கொடுத்தேன். 'அபட்டத்' என்றால் எங்களுக்கும். அடுத்த வசனத்தையும் எழுதினேன், பண்டா என்ற அந்தச் சிங்களப் பெயரோடு சேர்த்து.

செய்தியில் போனபோது நான் தேத்தண்ணிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து ரீப்பீட்டில்தான் பார்த்தேன். படத்தை மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். பின்னால் மேளம் மாதிரி ஒரு இசை. அறிவிப்பாளரின் குரல் அவருடைய குரலுக்கு மேலே. கீழே 'மே ரட்ட அபட்ட அயிதி'. கடைசி எழுத்து இல்லை. 'இந்த நாடு எங்களுக்குச் சொந்தம்.' பண்டா மாத்தயாவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பழைய அபாயாத் துண்டு.

தம்மிக்கவின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனேன்.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு, சேர்" என்றேன்.

"எங்கே?"

காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கீழே அவருடைய பெயர் வர வேண்டும், ஊர் வர வேண்டும், எங்கள் லோகோ வர வேண்டும். இடம் இல்லை, நிரஞ்சலா. ஒரு எழுத்துத்தானே."

"கருத்து மாறுது, சேர்."

"அவருடைய முகத்தைப் பாருங்கள். அவர் சொல்ல வந்தது அதுதான்." பிறகு, "மகளுக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை இல்லையா? நல்ல ரியூஷன் வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றார். மேசையில் சீனிச்சம்பல் பணிஸ் இருந்தது. பாதி பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

எல்லா இடமும் அந்த வீடியோ. பஸ்ஸில் எனக்கு முன்னாலிருந்த பெண் தன் போனில் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் காட்டினாள். "பார்த்தீர்களா அக்கா, இவர்களுக்கு வந்த திமிர்." ஓம் என்கிற மாதிரித் தலையாட்டினேன். அந்த நேரம் ரூபன் எனக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் பேசினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சிங்களத்திலேயே பதில் சொல்லி வைத்துவிட்டார்.

பிற்பகல் லொக்கு மஹத்தயா ஒரு கூட்டத்தில் அந்த வசனத்தைச் சொன்னார். எங்கள் செய்தியில்தான் பார்த்தாராம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டில் பொங்கவில்லை. காலை நிகழ்ச்சியில் பொங்கினேன்.

ஸ்ரூடியோவில் கரும்பு கட்டி, கோலம் ஒட்டி வைத்திருந்தார்கள். கோலம் பிளாஸ்ரிக். பட்டுச் சேலை கட்டிவரச் சொன்னார்கள். நடத்தும் பெண் பிள்ளை மிகவும் அன்பானவள். "நாங்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள்" என்று கமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பால் பொங்கும்போது என்ன சொல்லிக் கூவுவீர்கள் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். ஸ்ரூடியோவில் எல்லோரும் சேர்ந்து 'பொங்கலோ பொங்கல்' என்றார்கள். எனக்கு முன்னால் இருந்த திரையில் என் படம் தெரிந்தது. கீழே ஓடும் எழுத்துகளும் தெரிந்தன. 'கொஸ்மடுவ தீவிரவாதப் பேச்சாளரைக் கைதுசெய்யுமாறு கோரிக்கை.' என் கழுத்தளவில் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்த பிறகு மேக்அப் பிள்ளைதான் சொன்னாள், மிஸ் உங்கள் கை என்று. பால் வழிந்து மணிக்கட்டில் பட்டிருந்தது. தோல் சிவந்து எழும்பியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

மிச்சப் பொங்கலைப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். ஆரணி சாப்பிட்டாள்.

ஜனவரி 17, சனி

தமிழ்ப் பிரிவுத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. பெட்டைப் பிள்ளையின் குரல்.

"நான் ரிஸ்லினா. கொஸ்மடுவ. நிஸ்தார்ட மகள்."

சொல்லுங்கோ என்றேன்.

"வாப்பா அப்பிடிச் சொல்லல்ல மிஸ். எங்களுக்கும்ண்டு தான் சொன்னாரு. நானும் அங்க தான் நிண்டன். நீங்க தமிழ் தானே? ஒங்களுக்கு வெளங்கும் தானே?"

"விளங்குது."

"அப்ப ஏன் மிஸ்?"

நிர்வாகத்துக்கு அறிவிக்கிறேன் என்றேன். முறைப்பாடு வந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவள் கோபப்படவில்லை. லேர்னர்ஸுக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சிங்களப் பிள்ளைகள், இந்த வாரம் ஒருத்தரும் வரவில்லை, வாப்பா காரைக் கழுவிக் கழுவி வைக்கிறார் என்று சொன்னாள். பிறகு, "மிஸ்ட கை எப்பிடி? பொங்கல் அன்டைக்குப் பாத்தன், பால் பட்டிச்சு" என்றாள்.

நம்பரை மின்சார பில்லின் பின்பக்கம் எழுதினேன்.

ஜனவரி 19, திங்கள்

சமிலா கொஸ்மடுவவுக்குப் போய்வந்தாள். இந்த இடத்தில் என்னோடு சாப்பிடுகிற ஒரே ஆள் அவள். நல்ல நிருபர். கன்ரீனில் சோற்றுப் பார்சலைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

"நதீஷா என்று ஒரு பிள்ளை" என்றாள். "விகாரைக்குப் பக்கத்து வீடு. இரண்டு தரம் லைசன்ஸ் டிரயலில் பெயிலாம். 'நிஸ்தார் மாமா மூன்றாந் தரத்துக்குக் காசு வேண்டாம் என்று பழக்கினார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டப் பழக்கியவர் அவர். அவரையா இப்படிச் சொல்கிறீர்கள்' என்று கமராவைப் பார்த்தே கேட்டாள். பயமில்லாத பிள்ளை."

"போட்டார்களா?"

சமிலா இல்லை என்று தலையாட்டினாள். போடவில்லையாம். சந்தியில் நின்ற ஒருவன் 'இவர்களுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும்' என்று சொன்னதைப் போட்டார்களாம். அவன் அந்த ஊர்க்காரனே இல்லை.

அவளுடைய பார்சலில் இருந்த பொரித்த மீனை எனக்கு வைத்தாள்.

ஜனவரி 22, வியாழன்

நேற்றுக் கொஸ்மடுவவில் நிஸ்தாரின் காரை எரித்துவிட்டார்கள். எல் போட் போட்ட வெள்ளைக் கார். அலுவலகக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை எல்லாம் உடைப்பு. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. இன்று காலை பொலிஸ் வந்து நிஸ்தாரைக் கைதுசெய்தது. இனங்களுக்கிடையே முறுகலை ஏற்படுத்தினாராம். விளக்கமறியலில் அடைத்திருக்கிறார்கள்.

சிங்களச் செய்தியில் 'இரு தரப்பினருக்கிடையே மோதல்' என்று போனது. தமிழ்ச் செய்திக்கு நான்தான் எழுத வேண்டும். 'இனந்தெரியாத நபர்களால் வாகனம் ஒன்று தீக்கிரையாக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். பதினைந்து வருடமாக எழுதுகிற சொல். கை தானாகவே எழுதுகிறது. எழுதிய பிறகு ஒருக்கால் வாசித்துப் பார்த்தேன். இனந்தெரியாத.

மாற்றவில்லை. அறிவிப்பாளர் காத்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 23, வெள்ளி

காஸ் முடிந்தது. பாணும் பருப்பும் கடையில்.

ஜனவரி 24, சனி

ஒன்றும் விசேஷமில்லை. மதியம் பின்படிக்கட்டில் நின்று ஒரு கோல் எடுத்தேன். மின்சாரக் கட்டணம் சம்பந்தமாக. கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

நீதிமன்ற அழைப்பு வந்திருக்கிறது. என் பெயருக்கு. பெப்ரவரி இரண்டாம் திகதி கொஸ்மடுவ நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வர வேண்டும்.

சமிலாதான் விளக்கமாகச் சொன்னாள். பொலிஸ் எங்கள் தொலைக்காட்சியிடம் வசனத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது. 'மொழிபெயர்ப்பைச் செய்தவர் எமது தமிழ் மொழிபெயர்ப்பாளர்' என்று பதில் போயிருக்கிறது. மூல வீடியோவைக் கேட்டதற்கு அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஊரில் யாரோ போனில் எடுத்தது நிஸ்தாரின் சட்டத்தரணியிடம் இருக்கிறதாம். மொழிபெயர்த்த ஆளையே கூப்பிடுங்கள் என்று அந்தச் சட்டத்தரணி கேட்டிருக்கிறார். அவருக்கு என்னைப் பற்றி எப்படித் தெரியும் என்று சமிலா கேட்டாள். தெரியாது என்றேன்.

தம்மிக்க கோபப்படவில்லை. கதிரையைக் காட்டினார்.

"பயப்படாதீர்கள். எங்கள் சட்டத்தரணி வருவார். இரண்டுக்கும் கருத்து ஒன்றுதான் என்று சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை."

"ஒன்று இல்லையே, சேர்."

"நிரஞ்சலா, நான் உங்களை எங்கள் ஆள் என்றுதான் நினைக்கிறேன். எப்போதுமே." உண்மையாகத்தான் சொன்னார். அவருடைய முகத்தில் தெரிந்தது. "மார்ச்சில் உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்."

வீட்டில் ரூபனிடம் சொன்னேன். சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"நீர் என்ன சொல்லப் போறீர்?"

"தெரியேல்லை."

"அந்த மனுசன் ஆர் எவர் எண்டு உமக்குத் தெரியுமே? நாளைக்கு எங்கட பேரும் அடிபடும். ஆரணியைப் பள்ளிக்கூடம் அனுப்பேலாமப் போகும். நாங்கள் இஞ்ச வாடகைக்கு இருக்கிற சனம், நிரா."

"ஓம்."

"ஓம் எண்டால்?"

"நீங்கள் சொல்லுறது சரி எண்டு சொன்னனான்."

ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப அயன் பண்ணினார்.

பெப்ரவரி 1, ஞாயிறு

போயா தினம், பௌர்ணமி. லீவு. அலுமாரி ஒதுக்கினோம். ரூபன் பிறப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், ஆரணியின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் கொழுவினார். அலுமாரியில் இடம் காணாதாம்.

பெப்ரவரி 2, திங்கள்

விடிய ரயில் எடுத்து, பிறகு பஸ். பொட்டு வைக்கவில்லை. வியர்வைக்கு நிற்பதில்லை.

கொஸ்மடுவ ஒரு கடைத்தெருவும் மணிக்கூட்டுக் கோபுரமும்தான். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் எங்கள் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. நீதிமன்ற வாசலில் ரிஸ்லினா நின்றாள். இருபது வயதிருக்கும். என்னைக் கண்டவுடன் ஓடி வந்து கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டைப் பார்த்தாள். "ஆறிட்டு" என்றாள். பிறகு, "மிஸ் அன்டைக்குக் கோல் எடுத்து லோயர்ட்ட பேசாட்டி எங்களுக்கு ஒரு வழியும் தெரிஞ்சிரிக்காது" என்றாள்.

கூண்டில் நிஸ்தார். அதே கோடு போட்ட சேர்ட்டோ என்னவோ. தாடி வளர்ந்திருந்தது. வீடியோவில் தாடி இல்லை. யாரையும் பார்க்கவில்லை.

போனில் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். மைக் கூவியது. குரல் தெளிவாகக் கேட்டது. நீதவான் பெண். என்னைவிட இளையவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் சிங்களத்தில் சாட்சி சொன்னேன்.

"இதை மொழிபெயர்த்தது நீங்களா?"

"ஆம், கனம் நீதவான் அவர்களே."

"நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா ஒளிபரப்பானது?"

எங்கள் சேனலின் சட்டத்தரணி எழும்பினார். நீதவான் கையைக் காட்ட, திரும்ப அமர்ந்தார்.

"இல்லை" என்றேன். "நான் 'அபட்டத்' என்று எழுதினேன். 'அபட்ட' என்று போனது. அடுத்த வசனம் வெட்டப்பட்டது."

"அடுத்த வசனம் என்ன?"

"பக்கத்து வீட்டு பண்டா மஹத்தயாவுக்கு எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கும்."

மண்டபத்தில் பின்னால் ஒருவர் இருமினார்.

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசமா?" என்று கேட்டார். குற்றம் பிடிக்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி.

"ஒன்றில் நீங்களும் இருக்கிறீர்கள். மற்றதில் நீங்கள் இல்லை" என்றேன்.

என் குரல் எனக்கே செய்தி வாசிக்கிற குரல் மாதிரித்தான் கேட்டது. பிணை கிடைத்தது. வெளியே வந்தபோது ரிஸ்லினா அழுதாள். நான் அழவில்லை. சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வயசான சிங்கள மனிதர் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். பஸ் வந்தபோது என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "நான்தான் பண்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெப்ரவரி 3, செவ்வாய்

பிணை கிடைத்த செய்தி எங்கள் சேனலில் வரவில்லை. மற்றச் சேனல்களிலும் தேடிப் பார்த்தேன். இல்லை.

என் மேசையைப் பழைய இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏசி இல்லை. அது நல்லது. தம்மிக்க வழியில் கண்டு, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தினம். அணிவகுப்பு நேரடி ஒளிபரப்பு. எனக்கு வேலை இருக்கவில்லை.

பெப்ரவரி 7, சனி

மூன்று பேருமாகப் போனோம். ஆரணிக்கு வாக்கில்லை, வரிசையைப் பார்க்க வேண்டுமாம். விரலில் மை. ரூபன் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. வரும்போது இடியப்பம் வாங்கினோம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

லொக்கு மஹத்தயா வென்றுவிட்டார். பெரிய வித்தியாசம். எங்கள் தெரு முழுக்க வெடி. ரூபன் யன்னல்களைப் பூட்டினார். புழுங்கியது. நுளம்பு வந்து கடிக்கிறதாம்.

மூன்றாம் மாடி மல்காந்தி அக்கா கிரிபத் பாற்சோறு கொண்டு வந்தார். கட்டைச் சம்பலும் இருந்தது. "உங்களுக்கும்தான்" என்று கையில் தந்தார். நல்ல மனுசி. ஆரணியின் காய்ச்சலுக்கு இரவிரவாக முழித்திருந்தவர். சாப்பிட்டோம்.

பெப்ரவரி 12, வியாழன்

நிஸ்தார் போன் எடுத்தார். முதல் தரம் அவர் என்னோடு பேசியது.

"மிஸ், நான் நிஸ்தார். கொஸ்மடுவ."

"சொல்லுங்கோ."

"நாளைக்கு ஒங்கட டீவில என்ட வீடியோ ஒண்டு வரும். சமிலா மிஸ் வந்து எடுத்துட்டுப் போனாங்க. தமிழ்ச் செய்திக்கு நீங்க தான் எழுதுவீங்களாம்."

"என்ன வீடியோ?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"பள்ளிவாசல் டிரஸ்டிமாரும் பொலிஸ் ஓ.ஐ.சி.யும் விகாரைப் பெரியவரும் ஒண்டா இருந்து பேசினாங்க. நான் மன்னிப்புக் கேட்டா கேஸ வாபஸ் வாங்குவாங்களாம். கடையும் தொறக்கலாம். அதான் கேட்டுட்டன்."

"என்னத்துக்கு மன்னிப்பு? நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே."

"சொன்னேன்டு சொல்லிட்டன் மிஸ்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கோட்டுல நீங்க சொன்னீங்க, அது போதும் எனக்கு. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்வான். ஆனா நான் இந்த ஊர்ல தானே இரிக்கணும்? புள்ளைகள் இரிக்கி. அதால தான் கோல் எடுத்தன். நான் சொல்றத அப்பிடியே போடுங்க. நீங்க திருத்திப் போட்டுட்டா எல்லாம் திரும்பத் தொடங்கிரும்."

"திருத்த மாட்டன்" என்றேன்.

"கோபமா மிஸ்?"

"இல்லை."

இல்லைத்தான்.

பெப்ரவரி 13, வெள்ளி

சமிலா என்னைப் பார்க்காமல் வீடியோவைத் தந்தாள்.

நிஸ்தார் கதிரையில் இருக்கிறார். இரண்டு பக்கமும் ஆட்கள். தாடியை வழித்திருக்கிறார். சிங்களத்தில் பேசுகிறார், நல்ல சிங்களம். "இந்த நாடு எங்களுக்குச் சொந்தம் என்று நான் சொன்னேன். அது பிழை. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." கமராவைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு சொல்லும் தட்டுப்படவில்லை. பழகிவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னதைத் தமிழில் எழுதினேன். 'எங்களுக்கு' என்றேதான் எழுதினேன். தம்மிக்க வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு. "சரியா?" என்று கேட்டார். "சரி" என்றேன்.

இந்தத் தரம் முழுவதும் போட்டார்கள். வெட்டவில்லை. மெதுவாக ஓட விடவில்லை. இசையும் இல்லை.

வீட்டுக்கு வந்து கறி வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேனாம், ஆரணி சொன்னாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தமிழ்ச் செய்தியை மறுசீரமைக்கிறார்களாம். தம்மிக்க கை கொடுத்தார். நல்ல சேவைச் சான்றிதழ் எழுதித் தந்திருக்கிறார், உண்மையிலேயே நல்லது. சமிலா கீழே ஓட்டோ வரைக்கும் வந்தாள். "நானும் போய்விடுவேன், அக்கா" என்றாள். போகமாட்டாள். தங்கச்சிமாரைப் படிப்பிக்கிறாள்.

ரூபன் மாலை வரும்போது மீன் வாங்கி வந்து தானே வெட்டினார்.

மார்ச் 15, ஞாயிறு

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் என்று மொழிபெயர்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. குசினி மேசைதான் அலுவலகம்.

காலையில் ரிஸ்லினா வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். மச்சான் ஒருவர் பழைய கார் ஒன்றைத் தந்திருக்கிறாராம். வாப்பா திரும்பத் தொடங்கிவிட்டார், ஆறு பேர் வருகிறார்கள், அஞ்சு பேர் எங்கட ஆக்கள், மற்றது நதீஷா, அவளுக்கு இந்தத் தரமாவது டிரயல் பாஸாகணும், துஆ செய்யுங்க மிஸ் என்றாள்.

அவ்வளவுதான் செய்தி. ஆனால் அவள் வெளியில் நின்று பேசியிருக்கிறாள் போல. பின்னால் ஒரு கார் உறுமுகிறது. நிஸ்தாரின் குரல் சிங்களத்தில் கேட்கிறது. "கிளச்சை விடு, மகள். மெதுவாக. இன்னும் மெதுவாக. ரோட்டைப் பார், என்னைப் பார்க்காதே." காருக்குள் ஒரு பெண் பிள்ளை பயந்து சிரிக்கிறது. எஞ்சின் குலுங்கி நின்றுபோகிறது. "பரவாயில்லை" என்கிறார் அவர். "திரும்ப ஸ்டார்ட் பண்ணு."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஆரணி வந்து, "ஏனம்மா அழுறீங்கள்?" என்று கேட்டாள். அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.